அரைக்கம்பத்தில் ஒன்பது நாள்

செய்தி வந்த காலையில் ஃபீபி அத்தையின் அடுப்படியில் இருந்தவர்கள்: சட்டியில் மாவைத் தட்டிப் பொரித்துக்கொண்டிருந்த ஃபீபி அத்தை, ரப்பர் பூட்சைக் கழற்றச் சோம்பி, கதவோரமாக நின்றே தேநீர் குடித்த நண்டுப் படகுக்காரர் கார்லண்ட், மேசைக்குக் கீழே அவருடைய ஈர நாய், நண்டு ஆலையில் இரவுக் காவல் முடித்து நேரே அங்கே வந்திருந்த நான். ஒரு பலகைச் சுவருக்கு அந்தப்பக்கம், முன்னறைக் கட்டிலில், அவள் கணவர் ஓபேத் மாமா தூங்கிக்கொண்டிருந்தார். அவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த வீட்டில் ஜனவரியிலிருந்து எது நடந்தாலும் அவரைச் சுற்றித்தான் நடந்தது.

ரேடியோவில் காற்றும் அலையும் சொல்லி முடித்தார்கள். வடக்கே இன்னும் பனிக்கட்டி மிதக்கிறது என்றார்கள். அதற்கப்புறம், முன்னாள் பிரதமர் நேற்று இரவு காலமானார், வயது எண்பத்தாறு என்றார்கள். பெயரையும் சொன்னார்கள். எங்கள் துறையில், இந்தச் சின்னப் படகுத்துறை ஊரில், அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. அந்தாள் என்றால் போதும். கடலில் காட் மீன் அற்றுப்போய்விட்டது, இனி யாரும் பிடிக்கக் கூடாது என்று ஒரு ஜூலை மாதம் உத்தரவு போட்டது அவருடைய அரசாங்கம்தான். அதற்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் அப்போது பிறக்கவில்லை. எனக்கு அந்தாள் பள்ளிப் புத்தகத்தில் இருந்த ஒரு பெரிய தாடை, அவ்வளவுதான்.

ஃபீபி அத்தை கரண்டியைப் போட்டுவிட்டு ரேடியோவை அணைத்தாள். சுவர்ப்பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். மாமாவின் குறட்டை ஒரே சீராக வந்தது.

"நல்லவேளை. மனுசன் முழிக்கல."

கார்லண்ட் கோப்பையைக் கீழே வைத்தார். "செத்துட்டானா! அத்தை, வீட்ல ஒரு வாய் ரம் இருக்கா?"

"காலைல ஏழு மணிக்கா?"

"இதுக்குமா மணி பாக்கணும்?" என்று சிரித்தவர், சிரிப்பைப் பாதியிலேயே விட்டுவிட்டார். "ஆனா ஒண்ணு. அந்தாளு மூடலைன்னா எவன் நண்டு பக்கம் போயிருப்பான்? எங்கப்பா வலையில நண்டு ஏறினா கெட்ட வார்த்தை சொல்லித் தூக்கி எறிவாரு. இன்னிக்கு அந்த நண்டுதான் என் வீட்டுக்குக் கூரை."

"அதை அப்படியே முன்னறையில போய்ச் சொல்லேன்."

"எனக்கென்ன பைத்தியமா?"

"அப்போ வாயை மூடு. ரெண்டு பேருக்கும் சொல்றேன். இந்தச் செய்தி அந்தச் சுவரைத் தாண்டக் கூடாது. மூணு மாசமா அந்த மனுசனைப் பிடிச்சு வச்சிருக்கறது மாத்திரையா? அந்தக் கோவம்தான். அது போச்சுன்னா ஆளும் போயிரும்."

மாமாவின் இதயம் பழைய பஞ்சு மாதிரி ஆகிவிட்டது, இரண்டு வாரம் தாங்கினால் பெரிது என்று ஜனவரியில் நகரத்து மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே ஓபேத் மாமா பதில் சொன்னார்: "அவனை மண்ணுக்குள்ள வைக்கிற வரைக்கும் நான் போறதா இல்ல." நர்சு சிரித்தாளாம். இப்போது ஏப்ரல் கடைசி.

நான் இரண்டு வருஷம் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்துவிட்டு, பிடிக்காமல் எழுந்து வந்தவன். கோபம் இதயத்தை ஓட்டும் என்று அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் அத்தை தபால் நிலைய வேலைக்குப் போன பிறகு தினமும் மதியம்வரை அவரோடு உட்கார்கிறவன் நான். மாத்திரை போட்டபின் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் வந்து பார்த்ததில்லை. அந்தாளைப் பத்து நிமிஷம் திட்டினால் உதடு சிவக்கும், கஞ்சி கேட்பார். நானே சில நாள் வேண்டுமென்றே பேச்சை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

கார்லண்ட் நாயை இழுத்துக்கொண்டு படகுக்குப் போனார். அவர் போய்ப் பத்து நிமிஷத்தில் தொலைபேசி அடித்தது. நகரத்திலிருந்து அத்தையின் மேலதிகாரி. அத்தை நின்றபடியே, "சரிங்க, சரிங்க, அடக்கம் என்னிக்குங்க?" என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

"அடக்கத்துக்கு ஒம்பது நாள் இருக்காம். அதுவரைக்கும் அரைக்கம்பம்."

தபால் நிலையத்துக் கொடிக்கம்பம் துறைக்கு மேலே பாறையில் நிற்கிறது. கட்டிலில் படுத்தால் ஓபேத் மாமாவுக்கு ஜன்னல் வழியாக வேறு எதுவும் தெரியாது, கம்பமும் கொடியும்தான். காற்று எந்தப்பக்கம், எவ்வளவு என்று அதைப் பார்த்தே பொழுதைப் போக்குவார்.

"திரையை இழுத்து விட்டுடலாமா?" என்றேன்.

"இழுத்தா ஏன்னு கேப்பான். கட்டிலைத் திருப்பினாலும் கேப்பான்."

"அப்போ இறக்காதீங்க. யார் வந்து பாக்கப் போறாங்க?"

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் தபால் முத்திரையில் ஒரு நாள் தேதி தவறியதில்லை. பனிப்புயலில் ஊர் முழுக்கக் கதவடைத்துக் கிடந்த அன்றும் ஒன்பது மணிக்குத் திறந்தவள். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி பால் மாதிரி நின்றது. கம்பம் இருக்கும் இடமே தெரியவில்லை.

"இந்த மூட்டத்துல இறக்கிட்டா அவனுக்குத் தெரியாது," என்று சொல்லிவிட்டு மேலங்கியை மாட்டினாள். "மத்தியானத்துக்குள்ள வேற ஏதாவது யோசிக்கலாம்."

அங்கேதான் தப்பு நடந்தது. எங்கள் துறையில் யாராவது செத்தால் இறங்குவது அந்தக் கொடிதான். கடலிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற கொடி அது ஒன்றே. அரைக்கம்பத்தைப் பார்த்த படகு மேலே போகாது. நண்டுக் கூண்டைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடும். அடக்கம் முடிகிறவரை கடலில் ஒரு கயிறு இறங்காது. கைப்பேசி வந்த பிறகும் இந்த வழக்கம் மாறவில்லை. மேலிடத்து ஆளுக்காக இறக்க வேண்டியிருந்தால், இது நம்ம ஆள் இல்லை, தொழிலைப் பாருங்கள் என்று அத்தை ஒவ்வொரு படகுக்கும் முன்கூட்டியே சொல்லி விடுவாள். அன்று யாருக்கும் சொல்ல முடியாது. சொன்னால் அரைமணியில் சுவரைத் தாண்டிவிடும்.

எட்டு மணிக்கே வடமேற்குக் காற்று எழுந்தது. மூடுபனி போர்வையைச் சுருட்டி எடுத்த மாதிரி போய்விட்டது. ஒன்பது மணி தாண்டி நான் கஞ்சிக் கிண்ணத்தோடு முன்னறைக்குப் போனபோது மாமா அப்போதுதான் விழித்திருந்தார்.

"காத்து மாறிடுச்சு," என்றார். குரல் மெல்லியதாக இருந்தாலும் தெளிவாக இருந்தது. "ஹெட்லி, மகனே, அந்தக் கொடி ஏன் பாதியில நிக்குது?"

"கயிறு நழுவியிருக்கும் மாமா."

"நழுவுற கயிறு பாதி வழியில நிக்குமாடா? கீழ வந்து குப்புற விழும். அது யாரோ கட்டி வச்சது." தலையணையில் முழங்கையை ஊன்றி எழுந்தார். மூன்று வாரமாக அவர் தானாக எழுந்ததில்லை. "யாரு?"

"தெரியல."

"தெரியாம இருக்குமா? பாதிரியாரா? நேத்துத்தான் வந்து என் பாவத்தையெல்லாம் கேட்டுட்டுப் போனாரு. அதைக் கேட்டே போயிட்டாரோ?"

"இல்ல மாமா. கஞ்சியக் குடிங்க."

"அப்போ ட்ரிஃபிதான். பாவம். நேத்து ராத்திரி இந்தச் சுவத்துல விழுற அவ வீட்டு வெளிச்சம் சீக்கிரம் அணைஞ்சுது. ஆறு பிள்ளை பெத்தா, ஆறும் மேற்கே எண்ணெய் வயல்ல கிடக்குது. இனி அதுங்க வந்து சேரவே நாலு நாளாகும். நல்ல பொம்பளை. வாய் மட்டும்தான் சரியில்ல."

பின்கதவு திறந்தது. பட்டாணி சூப்பும் உப்புக்கண்டமும் சேர்ந்த வாசனை முதலில் வந்தது. பின்னால் ஒரு பெரிய பானையை இடுப்போடு அணைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி, பக்கத்து வீட்டு ட்ரிஃபி அத்தை வந்தாள்.

"ஐயோ ஃபீபி, எவ்வளவு நல்ல மனுசன், வாய் மட்டும்தான்..." என்று முன்னறை வாசல்வரை வந்தவள் அப்படியே நின்றாள்.

மாமாவும் அவளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீ சாகலையா?" என்றாள் ட்ரிஃபி அத்தை.

"நான் கேக்க வேண்டியதை நீ கேக்குற."

"அடப்பாவி மனுசா! கொடியைப் பாத்ததுலேருந்து அழுதுக்கிட்டே பட்டாணி வேக வச்சேன். உப்புப் போடவே தேவைப்படல."

"பானையை வச்சிட்டு உக்காரு. நீயும் உசுரோட இருக்க, நானும் இருக்கேன். அப்போ யாரு?"

ட்ரிஃபி அத்தைக்கும் தெரியவில்லை. அவள் ரேடியோ கேட்பதில்லை. நான் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தபால் நிலையத்துக்குப் போன் போடலாமா என்று யோசிக்கும்போதே வெளியே பல பூட்ஸ் சத்தம் கேட்டது. துறையில் ஐந்து படகையும் கட்டியாகிவிட்டது. எட்டு ஒன்பது ஆண்கள், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கம்பளிக் காலுறையோடு, இரை நாற்றமும் டீசல் நாற்றமுமாக அடுப்படிக்குள் வந்தார்கள். முன்னால் கார்லண்ட். சட்டைப் பையிலிருந்து ரம் பாட்டில் கழுத்து நீட்டிக்கொண்டிருந்தது.

முன்னறைக்குள் எட்டிப் பார்த்தவர் வாயில் வந்தது ஒரு கெட்ட வார்த்தை.

"வா கார்லண்ட்," என்றார் மாமா. "பாட்டிலோடதான் துக்கம் கேப்பியா?"

"மாமா... நான்தான் படகு ரேடியோவுல எல்லாப் படகுக்கும் சொன்னேன். நீங்க போயிட்டீங்கன்னு."

"யாரைக் கேட்டுச் சொன்ன?"

"கொடியைப் பாத்தேன். அந்தாளுக்காக அத்தை கொடி இறக்குவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதான், உங்களுக்கு விஷயம் தெரிஞ்சு போச்சு, நீங்களும்..."

அத்தோடு நின்றார்.

"எந்த அந்தாளு?" என்றார் மாமா.

அப்போதுதான் ஃபீபி அத்தை ஓடி வந்தாள். தபால் நிலையத்து ஜன்னலிலிருந்து படகுகள் திரும்புவதைப் பார்த்திருக்கிறாள். ஆண்களை இடித்துத் தள்ளிக்கொண்டு கட்டிலருகே வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"எந்த அந்தாளு, ஃபீபி?"

"நீ நினைக்கற ஆளுதான். அவரு நேத்து ராத்திரி தவறிட்டாரு."

மாமா அவளையே பார்த்தார். கை தட்டுவார், கத்துவார், ரம் கேட்பார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன்.

"எப்படிச் செத்தான்?"

"தூக்கத்துல."

"வலி?"

"இல்லன்னுதான் சொன்னாங்க."

"பக்கத்துல யாரு இருந்தா?"

"பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க எல்லாரும்."

"கொடுத்து வச்சவன்," என்றார் மாமா. அவருடைய இரண்டு மகன்களும் மேற்கேதான் இருக்கிறார்கள். கிறிஸ்துமசுக்கு வந்தார்கள். திரும்ப வர விடுப்பு இல்லை. "எல்லார் பிள்ளையையும் விரட்டிட்டு, தன் பிள்ளைங்களை மட்டும் பக்கத்துல வச்சுக்கிட்டான்."

ஊன்றியிருந்த முழங்கை மெல்லச் சரிந்தது. தலையணையில் தலை இறங்கியது. கண் கூரையில் நிலைத்தது. முகத்திலிருந்து நிறம் போவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

"சரி," என்றார். "அப்போ முடிஞ்சுது."

அத்தை அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். விரலால் நாடியைத் தேடுகிறாள் என்று தெரிந்தது. நாங்கள் எல்லோரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவ்வளவு சுலபமாகப் போய்விடுவார் என்று நான் நம்பியிருக்கவில்லை. அன்று நம்பினேன்.

"ஓபேத்," என்றாள் அத்தை. "ஓபேத், இங்க பாரு. அந்தக் கொடியை இறக்கினது நான்தான்."

"மேலேருந்து உத்தரவு வந்திருக்கும்."

"வந்துச்சு. வராம இருந்தாலும் இறக்கியிருப்பேன்."

மாமாவின் கண் கூரையிலிருந்து இறங்கியது. அடுப்படியில் நின்ற ஆண்கள் தங்கள் காலுறைகளை ஆராய்ந்தார்கள். நாடி பிடித்த கையை விடாமலே அத்தை பேசினாள்.

"முப்பத்தி மூணு வயசுல எனக்கு என் பேரை மட்டும்தான் எழுதத் தெரியும். கடலை மூடினப்போ உங்களுக்குப் படகு போச்சு. எங்களுக்கு மீன் அறுக்குற மேசை போச்சு, அதை யாரும் பாட்டுக் கட்டிப் பாடல. அதுக்கு ஈடா அரசாங்கம் தர்ற மாசப் பணம் வேணும்னா பள்ளிக்கூடத்துல உக்காருன்னாங்க. நீங்கல்லாம் கடைசி பெஞ்சுல சீட்டு விளையாடினீங்க. நான் படிச்சேன். இன்னிக்கு இந்தத் துறைக்கு வர்ற ஒவ்வொரு கடுதாசியும் என் கை வழியா வருது. அந்த மனுசர் கடலை மூடினது தப்பா சரியான்னு எனக்குத் தெரியாது. என்னைப் படிக்க வச்சவரு அவரு. அதை இத்தனை வருசம் இந்த வீட்ல நான் சொல்ல முடியல."

"அவனுக்கு அவரு," என்றார் மாமா. "எனக்கு மட்டும் அந்த மனுசன், அவன், இவன்."

"உன்னை நான் கட்டிக்கிட்டவ. எப்படி வேணா கூப்பிடுவேன்."

"முப்பது வருசமா என் சோத்தைப் போட்டுக்கிட்டே அவனுக்கு நன்றி சொல்லிக்கிட்டிருந்திருக்க!"

"யாரு சோறு? சம்பளம் என்னுது."

வாசலில் யாரோ சிரிப்பை அடக்க இருமினார். மாமாவின் கன்னத்தில் ஒரு காசளவுக்குச் சிவப்பு வந்திருந்தது.

"அந்தச் சீட்டுல," என்றார், "பூராவும் ஜெயிச்சது நான்தான். அதையும் சொல்லு."

கார்லண்ட் தைரியம் வந்து வாயைத் திறந்தார். "மாமா, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. கொடி இறங்கியாச்சு, படகு திரும்பியாச்சு. அடக்கத்துக்கு ஒம்பது நாள் இருக்கு. நண்டுக்கு இருக்கறதே இந்த ஆறு வாரம். ஒரு தடவை மூடினது போதாதுன்னு, செத்தும் கடலை மூடிட்டான்."

எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். பார்த்த கொடி பார்த்த கொடிதான், மீறிப் போனால் கடல் விடாது என்றார் ஒருவர். அவனுக்கெல்லாம் வழக்கம் பொருந்தாது என்றார் இன்னொருவர். அவருடைய அரசாங்கம் போட்ட ரோட்டில்தான் தினமும் லாரி வருகிறது, ஒரு நாளாவது சும்மா இருக்கலாம் என்றார் மூன்றாவது ஆள். அவரை மற்றவர்கள் பார்த்த பார்வையில் அவர் பூட்சைத் தேடினார். துறையில் மூத்த படகுக்காரர் என்ற முறையில் முடிவு மாமாவுடையது. கையைத் தூக்கினார்.

"வழக்கம் நம்ம ஆளுக்குத்தான். இந்தக் கரையில பொறந்து இந்தத் தண்ணியக் குடிச்சவனுக்கு. அவன் ஒருநாள் இங்க கால் வச்சானா? போங்கடா. போய்க் கூண்டைப் போடுங்க. ஒரு நண்டுகூட அவனால குறையக் கூடாது."

ஆண்கள் நகர்ந்தார்கள். அதுவரை பானைமேல் கை வைத்துச் சும்மா இருந்த ட்ரிஃபி அத்தை கேட்டாள்:

"அதெல்லாம் சரி. இந்த ஒம்பது நாளைக்குள்ள நம்மள்ல யாராச்சும் நெசமாவே போயிட்டா என்ன பண்றது? கொடிதான் ஏற்கெனவே கீழ கிடக்கே. கடல்ல இருக்கறவனுக்கு எப்படித் தெரியும்?"

நின்றுவிட்டார்கள். கட்டிலைப் பார்க்காமல் இருக்க ஒவ்வொருவரும் பட்ட பாட்டை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

"இன்னும் கொஞ்சம் கீழ இறக்கலாம்," என்றார் கார்லண்ட்.

"கால்கம்பமா?" என்றாள் ட்ரிஃபி அத்தை.

"ஏத்திட்டு மறுபடி இறக்கலாம்."

"எவன் அந்த நேரத்துல பாத்துக்கிட்டிருப்பான்? பாத்தாலும், அது அந்தாளுக்குன்னுதான் நினைப்பான்."

ஓபேத் மாமா எழுந்து உட்கார்ந்தார். இந்த முறை முழங்கை ஊன்றவில்லை. அத்தை தலையணையை முதுகுக்குப் பின்னால் திணித்தாள்.

"நான் போற அன்னிக்கு," என்றார் ஒவ்வொரு வார்த்தையாக, "அந்தக் கொடி உச்சியிலேருந்து எனக்குன்னு இறங்கணும். எல்லாப் படகும் எனக்குன்னு திரும்பணும். அவனுக்கு இறக்கி வச்ச துணியில நான் ஓரமா ஒட்டிக்க மாட்டேன். அவன் எச்சில் எனக்கு வேண்டாம்."

"அப்போ?" என்றாள் அத்தை. குரல் மிகவும் சின்னதாக வந்தது.

"அப்போ என்ன அப்போ. ஒம்பது நாளைக்கு எனக்கு வழியில்ல. எல்லாம் உன்னால. அவனுக்குப் போய்க் கொடி இறக்கி, என்னை மாட்டி விட்டுட்ட." கையை உதறி அவள் பிடியிலிருந்து விடுவித்துக்கொண்டார். "ட்ரிஃபி, அந்தப் பானையில உப்புக்கண்டம் போட்டிருக்கியா, இல்ல வாசனை மட்டும்தானா?"

அத்தை எழுந்து திரும்பினாள். அவள் முகத்தை அப்போது பார்த்தது அறைக்குள் சுவரோரம் நின்ற நான் மட்டும்தான். அதை எழுதப்போவதில்லை. அடுத்த நிமிஷம் அவள் தபால் நிலையத்துக் குரலில் கத்தினாள்:

"எல்லாரும் வெளியே போங்க! இங்க என்ன கூத்தா நடக்குது? கார்லண்ட், அந்த பாட்டிலை மேசைமேல வச்சிட்டுப் போ. அழுதுக்கிட்டு வந்தவங்க எல்லாரும் அவங்கவங்க அழுகையைத் திரும்ப எடுத்துக்கிட்டுப் போங்க. பாத்திரத்தை நாளைக்கு வந்து வாங்கிக்குங்க."

அதற்குள் ஊர்ப்பெண்கள் துக்க வீட்டுக்கென்று கொண்டுவந்து வைத்ததில், மேசையில் மூன்று ரொட்டி, ஒரு தட்டு வறுத்த மீன் கன்னச் சதை, செம்பழ ஜாம் வைத்த பணியாரம், யாருடையது என்று தெரியாத ஒரு கேக் எல்லாம் சேர்ந்திருந்தன. ட்ரிஃபி அத்தை மட்டும் ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "செத்தவன் வீட்டுக்குன்னு பண்ணினது, தின்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது," என்று சொல்லிப் படியிறங்கினாள். ஆண்கள் பூட்சை மாட்டிக்கொண்டு இறக்கத்தில் போனார்கள். ஒருவர் பின் ஒருவராக ஐந்து இயந்திரமும் முடுக்கப்பட்டது.

நான் மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளிப்படியில் நின்றேன். ராத்திரி முழுக்கத் தூங்காத கண் எரிந்தது. உள்ளே கரண்டி கிண்ணத்தில் இடிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் மாமாவின் குரல்.

"பத்து மணியாச்சு. தபால் நிலையம் திறக்கலையா? அந்தப் படிச்சவங்க வேலை என்னாச்சு?"

"இன்னிக்கு லீவு."

"இத்தனை வருசத்துல எனக்காக ஒருநாள் எடுத்ததில்ல. அவன் செத்தான்னு எடுக்குற."

"வாயைத் திற. சூடா இருக்கு, ஊதிக் குடி."

"அவன் ஒரு திருடன், ஃபீபி."

"இருக்கட்டும். அவரு திருடரு. குடி."

கதவு என் முகத்துக்கு நேரே திறந்தது. அத்தை கையில் கரண்டியோடு நின்றாள். கண் ஓரம் சிவந்திருந்தது.

"இன்னும் போகலையா நீ? போய்த் தூங்கு. இன்னிக்கு இந்த மனுசனை நானே பாத்துக்கறேன்."

"நாளைக்குக் காலைல வரட்டுமா அத்தை?"

"ஒம்பது நாளும் வா. திட்டறதுக்கு ஆள் வேணும்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

எங்கள் துறையில் யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை; அந்தக் கதவில் பூட்டு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. துருவேறிய சாவி முதல் தடவை திரும்பவில்லை. உள்ளிருந்து அவள் இரண்டு கையாலும் திருகுவது கேட்டது. மூன்றாம் தடவை பூட்டு விழுந்தது.